கிரப் மெனு எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிகிறது: 14 அங்குல 4கே திரை

#1 சோடாபுட்டி

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் உழைத்த லேப்டாப் போன மாதம் கண்ணை மூடியது. புதிதாக ஒன்று வாங்கினேன். 14 அங்குலம், 3840 × 2160. படம் பார்க்க அருமை, பிடிஎஃப் படிக்க அதைவிட அருமை. ஆனால் சுவிட்சைப் போட்டதும், எந்த இயங்குதளத்துக்குள் போவது என்று கேட்டு வருகிறதே கிரப் மெனு, அதை மட்டும் படிக்க முடியவில்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தேன். ஐந்து வரிக்கு ஆறரை மில்லிமீட்டர். அதாவது ஒரு வரிக்கு 1.3. அதற்குள் இருக்கும் சின்ன எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. என் கண்ணாடியின் தடிமனை என் பெயரே சொல்லும். பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறேன்.

போன வாரம் பூதக்கண்ணாடி கைக்கு அகப்படவில்லை. குத்துமதிப்பாக அம்புக்குறியை அழுத்தி என்டர் தட்டினேன். டெபியன் லினக்ஸ் வந்தது, வைஃபை வரவில்லை. காலை முழுக்க ரவுட்டரைத் திட்டினேன், கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். கடைசியில் யூநேம் கட்டளை போட்டுப் பார்த்தால், உள் மெனுவில் இருந்த பழைய கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கர்னலுக்கு இந்த வைஃபை சில்லைத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அம்புக்குறியை அழுத்தினால் பட்டை உடனே நகர்வதில்லை, சோம்பல் முறித்துக்கொண்டு நகர்கிறது. விண்டோஸும் டெபியனும் சேர்ந்து இருக்கும் இயந்திரம். வழி சொல்லுங்கள். நம் வழக்கப்படி கட்டளைகளையும் தமிழெழுத்திலேயே எழுதுங்கள், தட்டும்போது நான் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்கிறேன்.

#2 கருந்திரை

ரொம்ப சுலபம் சார். /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறங்கள். கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட் என்று ஒரு வரி இருக்கும், முன்னால் # போட்டு அணைத்து வைத்திருப்பார்கள். # ஐ எடுத்துவிட்டு 1024x768 என்று போடுங்கள். அப்புறம் சுடோ அப்டேட்-கிரப். ரீஸ்டார்ட். முடிந்தது.

#3 சோடாபுட்டி

போட்டேன் தம்பி. அப்டேட்-கிரப் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. ரீஸ்டார்ட் செய்தால் அதே எறும்பு, அதே வரிசை. 800x600 போட்டேன், 640x480 போட்டேன். அசையவில்லை. கோப்பைச் சேமித்தேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். சேமித்திருக்கிறேன்.

#4 ஆலமரம்

கருந்திரை சொன்னது தப்பில்லை, ஆனால் எல்லா இயந்திரத்திலும் எடுபடாது.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும், இயந்திரத்தோடேயே வரும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அது பயாஸ் என்ற பழைய வகையாக இருந்த காலத்தில் விபிஇ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 640×480, 800×600, 1024×768 எல்லாம் அதில் வரிசையாகக் கிடைக்கும், வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். யூஇஎஃப்ஐ என்ற புது வகை வந்த பிறகு அந்த இடத்தில் ஜிஓபி என்ற வரைகலை நெறிமுறை உட்கார்ந்துவிட்டது. எந்தெந்த அளவில் திரை ஓடும் என்று பட்டியல் கொடுப்பது லேப்டாப்பின் ஃபர்ம்வேர். கிரப்பிடம் சொந்தமாகத் திரை டிரைவர் இல்லை, அந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் கேட்க முடியும். ஓட்டலில் சப்ளையர் ஒப்பிக்கும் பட்டியலில் பொங்கல் இல்லையென்றால் நாம் எத்தனை தடவை கேட்டாலும் பொங்கல் வராது. பல லேப்டாப்களில் அந்தப் பட்டியலே ஒற்றை வரிதான்: திரையின் இயல்பான அளவு மட்டும்.

நீங்கள் கேட்ட அளவு இல்லையென்றால் கிரப் சண்டை போடாது. சத்தமில்லாமல் ‘ஆட்டோ’வுக்குப் போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

உறுதி செய்ய: கிரப் மெனு வந்ததும் சி என்ற எழுத்தை அழுத்துங்கள், கட்டளை வரி வரும். அங்கே வீடியோஇன்ஃபோ என்று தட்டி என்டர். இருக்கிற அளவுகள் எல்லாம் வரும், இப்போது ஓடுவதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடி பக்கத்தில் இருக்கட்டும்.

#5 சோடாபுட்டி

பார்த்தேன் ஐயா. ஒரே ஒரு வரி. 3840 × 2160, பக்கத்தில் நட்சத்திரம். பொங்கல் இல்லை, வடை இல்லை.

#6 மின்மினி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2880 × 1800. என் லேப்டாப்பில் வீடியோஇன்ஃபோ நான்கைந்து அளவு காட்டுகிறது. 1024x768 போட்டேன், எழுத்து நன்றாகப் பெரிதாகிவிட்டது, பட்டையும் சட்டென்று நகர்கிறது. ஒரே குறை, 4:3 படத்தை 16:10 திரைக்கு இழுத்துக் காட்டுவதால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிட்டது. படிக்க முடிகிறது, அது போதும்.

என் சந்தேகம் இதுதான். அளவைக் குறைத்ததும் வேகம் எப்படிக் கூடியது? மெனுவில் இருப்பது நாலு வரி எழுத்து, இதற்கா இவ்வளவு திணறல்?

#7 ஆலமரம்

நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு புள்ளிக்கு நான்கு பைட். 1024 × 768 திரை முழுவதும் ஏறத்தாழ 31 லட்சம் பைட். சோடாபுட்டியின் 3840 × 2160 திரையோ 3 கோடியே 31 லட்சம் பைட். பத்து மடங்குக்கும் மேல். டெஸ்க்டாப்புக்குள் போன பிறகு இதையெல்லாம் கிராஃபிக்ஸ் சில்லு பார்த்துக்கொள்ளும். கிரப்பில் அந்தச் சில்லுக்கு டிரைவர் கிடையாது. சிபியு ஒவ்வொரு புள்ளியாகத் திரை நினைவகத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அந்த நினைவகத்துக்குப் பெரும்பாலும் கேஷ் வசதியும் இருக்காது. சிபியு எவ்வளவு புதிதானாலும் குடத்தில் மொண்டு மொண்டு தொட்டி நிரப்பும் வேலைதான். மெனுவை விட்டுக் கட்டளை வரிக்குப் போய், திரை நிரம்பி மேலே நகர ஆரம்பித்தால் இன்னும் பரிதாபமாக இருக்கும்.

எழுத்து ஏன் சின்னதாக இருக்கிறது என்பதும் கணக்குதான். கிரப்போடு வரும் யூனிகோட்.பிஎஃப்2 என்ற ஃபான்ட், குனூ யூனிஃபான்டிலிருந்து செய்தது. உயரம் 16 பிக்சல், எந்தத் திரையானாலும் அதே 16. அகலம் 8. 3840 பிக்சல் அகலத்துக்கு 480 எழுத்து, 2160 உயரத்துக்கு 135 வரி. பழைய டெர்மினலில் 80 எழுத்து 25 வரிதான். 14 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 315 பிக்சல் வரும். 16ஐ அதால் வகுத்து மில்லிமீட்டராக்கினால் 1.29. ஸ்கேல் வைத்து நீங்கள் அளந்தது 1.3. உங்கள் பையனின் ஸ்கேல் நல்ல ஸ்கேல்.

அதனால் சோடாபுட்டிக்கு இரண்டாவது வழி: திரை அளவை விட்டுவிடுங்கள், ஃபான்டைப் பெரிதாக்குங்கள்.

கிரப்-எம்கேஃபான்ட் என்ற கருவி டெபியனில் கிரப்-காமன் தொகுப்போடு வரும். சுடோ போட்டு அதை அழைத்து, -எஸ் 36 என்று அளவும், -ஓ போட்டு /பூட்/கிரப்/ஃபான்ட்ஸ்/பெரியது.பிஎஃப்2 என்று வெளியீட்டுக் கோப்பும், கடைசியில் டேஜாவு சான்ஸ் மோனோவின் டிடிஎஃப் கோப்பு இருக்கும் இடமும் கொடுங்கள். அப்புறம் /இடிசி/டிஃபால்ட்/கிரப்பில் கிரப்_ஃபான்ட் என்று புது வரி போட்டு அந்த பிஎஃப்2 கோப்பின் முழுப் பாதையை எழுதுங்கள். மறுபடி அப்டேட்-கிரப். ஃபெடோராவில் இந்தக் கருவிகளின் பெயர் கிரப்2 என்று தொடங்கும்.

எழுத்தெல்லாம் சம அகலமுள்ள ஃபான்டாக இருக்கட்டும். மெனுவைச் சுற்றிக் கட்டம் போடும் கோட்டுக் குறிகளும் அதில் இருக்க வேண்டும். டேஜாவு மோனோவில் இரண்டும் உண்டு, அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

#8 சோடாபுட்டி

ஐயா, எல்லாம் அச்சுப் பிசகாமல் செய்தேன். எழுத்து பெரிதாகவில்லை. அதோடு புதுக் கூத்து ஒன்று: மெனுவைச் சுற்றி அழகாகக் கோடு இருந்ததே, அந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கேள்விக்குறிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நாலு பக்கமும் கேள்விக்குறி வேலி போட்ட மாதிரி. என்னைக் கேள்வி கேட்கிறதா?

#9 கருந்திரை

பாதையை ஒரு எழுத்து தப்பாக அடித்திருப்பீர்கள் சார். இல்லாவிட்டால் /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும்.

#10 சோடாபுட்டி

பாதையை நகலெடுத்து ஒட்டினேன் தம்பி. எல்எஸ் போட்டால் கோப்பு அங்கேதான் இருக்கிறது. கிரப்.சிஎஃப்ஜியைத் திறந்தும் பார்த்தேன், லோட்ஃபான்ட் வரியில் சரியான பாதைதான் எழுதியிருக்கிறது.

#11 நெட்டெழுத்து

தீம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? தீம் இருந்தால் மெனு எழுத்துக்கு கிரப்_ஃபான்ட் செல்லுபடியாகாது. தீம்.டிஎக்ஸ்டி கோப்பில் ஐட்டம்_ஃபான்ட் என்று இருப்பதுதான் ராஜா. அங்கே எழுதவேண்டியது கோப்பின் பெயரை அல்ல, ஃபான்டுக்குள் பதிந்திருக்கும் பெயரை, அளவு எண் உட்பட. நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். கோப்புக்குப் பெயர் பெரிசு, உள்ளே இருந்த பெயர் வேறு. ஃபான்ட் பெரிதானால் தீமில் வரி உயரத்தையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தின் தலை வெட்டுப்படும். ஐகான் அளவும் அப்படித்தான்.

#12 சோடாபுட்டி

தீமெல்லாம் இல்லை. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. நான் பழைய ஆள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். மெனு வருவதற்கு முன்னால் கண் சிமிட்டும் நேரத்துக்கு மேலே இடது மூலையில் ஏதோ ஒரு வரி மின்னி மறைகிறது. என்ன என்று படிப்பதற்குள் போய்விடுகிறது.

#13 பூட்டுசாவி

அந்த வரியைப் பிடியுங்கள் அண்ணா. அதில்தான் விஷயம் இருக்கிறது.

#14 சோடாபுட்டி

பிடித்துவிட்டேன்! பையன் ஐடியா கொடுத்தான். மொபைலில் ஸ்லோ மோஷன் வைத்து, லென்ஸைத் திரை மூலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி வீடியோ எடுத்தோம். முதல் தடவை ஃபோகஸ் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை அவன் கை ஆடிவிட்டது. மூன்றாவது தடவை புத்தக அடுக்கின் மேல் மொபைலைச் சாய்த்து வைத்தோம். வீடியோவை நிறுத்தி விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், தமிழெழுத்தில் எழுதுகிறேன்:

எர்ரர்: ப்ரொஹிபிடட் பை செக்யூர் பூட் பாலிசி.

#15 பூட்டுசாவி

நினைத்தேன். கேள்விக்குறி வேலி என்றதுமே சந்தேகம் வந்தது.

2022 நவம்பரில் கிரப்பின் ஃபான்ட் படிக்கும் பகுதியில் ஓட்டைகள் இருப்பது வெளியானது. அதில் முக்கியமானதன் பதிவு எண் சிவிஇ-2022-2601. வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு பிஎஃப்2 கோப்பைக் கொடுத்தால், எழுத்தை வரையும்போது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும். கிரப்புக்குள் அப்படி நுழைந்தால், ஒப்பமிட்ட நிரலை மட்டும் பூட் ஆக விடும் காவலான செக்யூர் பூட்டையே சுற்றிக்கொண்டு போகலாம். ஓட்டையை அடைத்ததோடு நிற்காமல் இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: செக்யூர் பூட் ஆனில் இருந்தால், வட்டிலிருந்து எந்த ஃபான்ட் கோப்பையும் கிரப் ஏற்றாது. ஒப்பமிட்ட கிரப் படிமத்துக்குள்ளேயே டிஸ்ட்ரோக்காரர்கள் (டெபியன் மாதிரி லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்கள்) அடைத்து அனுப்பிய ஃபான்ட் மட்டும்தான்.

ஆகவே நீங்கள் செய்த ஃபான்ட் சரி, பாதை சரி, எல்லாம் சரி. வாசலில் நிற்கும் காவலாளிதான் உள்ளே விடவில்லை. ஃபான்ட் ஏறாததால் கிரப் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் அடிப்படை ஆங்கில எழுத்துகளோடு ஒப்பேற்றுகிறது. அதில் கட்டம் போடும் கோடுகள் கிடையாது, அந்த இடத்தில்தான் கேள்விக்குறி.

மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட் என்று டெர்மினலில் தட்டிப் பாருங்கள், செக்யூர் பூட் எனேபிள்ட் என்று வரும். இணையத்தில் கிரப்-எம்கேஃபான்ட் வழிமுறை எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் 2022க்கு முந்தியவை. அதனால் இந்தச் சிக்கலை அவை சொல்வதே இல்லை.

#16 ஆலமரம்

செக்யூர் பூட்டைக் கேட்காமல் விட்டது என் தவறு. என் இயந்திரங்களில் அதை எப்போதோ அணைத்துவிட்டேன், அதனால் எனக்கு அது தட்டவே இல்லை.

அப்புறம், ஸ்லோ மோஷன் இல்லாமலும் பார்த்திருக்கலாம். சி அழுத்திக் கட்டளை வரிக்குப் போய், லோட்ஃபான்ட் என்று தட்டி ஃபான்டின் பாதையைக் கொடுத்தால் அதே எர்ரர் நின்று நிதானமாக வரும்.

#17 சோடாபுட்டி

இதை முன்னமே சொல்லியிருக்கலாமே ஐயா! ஆனாலும் பையன் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறான், வீடியோவை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

#18 கருந்திரை

அப்போ வேலை சுலபம். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். வீட்டு மேசையில் இருக்கும் லேப்டாப்புக்கு எதற்கு அது?

#19 பூட்டுசாவி

கொஞ்சம் பொறுங்கள். அவர் இயந்திரத்தில் விண்டோஸும் இருக்கிறது. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் ஆனில் இருந்தால், செக்யூர் பூட்டை அணைத்த மறு நிமிடம் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணை எழுதி வைக்காமல் அணைத்துவிட்டு நடு ராத்திரியில் இங்கே வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அணைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மீட்பு எண் கையில் இருக்கிறதா பாருங்கள், விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், அப்புறம் தொடுங்கள்.

அது ஒருபக்கம் இருக்கட்டும். எழுத்து பெரிதாகத் தெரியவில்லை என்பதற்காக வாசல் கதவையே கழற்றி வைப்பார்களா?

#20 கருந்திரை

கதவு இருந்தும் ஓட்டு வீடுதானே நண்பரே. வீட்டுக்குள் நுழைந்து லேப்டாப்பைத் தூக்குகிறவன் கிரப் ஃபான்டில் ஓட்டை தேடிக்கொண்டா இருப்பான்? பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். என் லேப்டாப், என் ஃபான்ட், ஏற்றக்கூடாது என்று சொல்ல அது யார்?

#21 பூட்டுசாவி

அந்த லேப்டாப்பை ஒருநாள் ரிப்பேருக்குக் கொடுக்கவே மாட்டீர்களா? ஆபீசுக்குக் கொண்டுபோக மாட்டீர்களா? தூக்கிக்கொண்டு போகிறவனைப் பற்றி நான் பேசவில்லை, திருப்பி வைத்துவிட்டுப் போகிறவனைப் பற்றிப் பேசுகிறேன்.

#22 மட்டுறுத்துநர்

இருவருக்கும் வேண்டுகோள்: செக்யூர் பூட் தேவையா இல்லையா என்பதற்குத் தனி இழை ஏற்கனவே ஓடுகிறது, அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சோடாபுட்டியின் மெனுவைக் கவனிப்போம்.

#23 நெட்டெழுத்து

கதவையும் கழற்றாமல் ஃபான்டும் ஏற்றாமல் ஒரு வழி இருக்கிறது. கிரப்பை வரையவே விடாதீர்கள்.

/இடிசி/டிஃபால்ட்/கிரப்பில் கிரப்_டெர்மினல்=கன்சோல் என்று போடுங்கள். டெபியனில் அந்த வரி # போட்டு அணைத்த நிலையில் ஏற்கனவே இருக்கும். இப்படிப் போட்டால் கிரப் தன் சொந்த வரைகலையை விட்டுவிட்டு, எழுத்தைக் காட்டும் வேலையை ஃபர்ம்வேரிடமே கொடுத்துவிடும். தன் திரை என்ன அளவு என்று தெரிந்த ஃபர்ம்வேராக இருந்தால் எழுத்தைப் பெருக்கிக் காட்டும். தெரியாததாக இருந்தால் திரை நடுவில் தபால்தலை மாதிரி ஒரு பெட்டி வரும். எது வரும் என்பது உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பின்னணிப் படமெல்லாம் போய்விடும். உங்களுக்குத்தான் அது வேண்டாமே.

கிரப்_ஃபான்ட் வரியை எடுத்துவிடுங்கள். கன்சோலில் அதற்கு வேலையில்லை.

#24 சுடுதண்ணீர்

கிரப்பையே தூக்கிப்போட்டால் என்ன? நான் சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடருக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. அது பிறவியிலேயே ஃபர்ம்வேரின் எழுத்துத் திரையில்தான் ஓடும். லோடர்.கான்ஃப் கோப்பில் கன்சோல்-மோட் என்று ஒரு வரி, 0 போட்டால் யூஇஎஃப்ஐயின் அடிப்படை 80 × 25. மெனுவில் இருக்கும்போதே ஆர் அழுத்தினால் ஒவ்வோர் அளவாக மாற்றிப் பார்க்கலாம், கோப்பைத் திருத்தித் திருத்தி ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதில்லை.

பூட்டுசாவி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: செக்யூர் பூட்டோடு ஓட்ட அதுவும் ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். கர்னல் கோப்புகளும் யூஇஎஃப்ஐ படிக்கக்கூடிய பார்ட்டிஷனில் இருக்க வேண்டும், பெரும்பாலும் இஎஸ்பி என்ற பூட் பார்ட்டிஷனிலேயே. அதில் இடம் குறைவாக விட்டிருந்தால் இரண்டு கர்னலுக்கு மேல் தாங்காது.

#25 சோடாபுட்டி

புது பூட்லோடருக்கு மாறும் வயசு எனக்கில்லை தம்பி. கன்சோல் வழியைப் போட்டுப் பார்த்தேன்.

தெரிகிறது!

ஸ்கேலை எடுத்தேன். ஒரு வரிக்கு 3 மில்லிமீட்டர். ஃபர்ம்வேர் எழுத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டுகிறது போல. நடுவில் 80 எழுத்து அகலத்துக்கு ஒரு பெட்டி, சுற்றிலும் கறுப்பு. பட்டையும் தட்டினவுடன் நகர்கிறது. கேள்விக்குறி வேலி போய்க் கோடு வந்துவிட்டது. பூதக்கண்ணாடி இல்லாமல், என் சாதாரணக் கண்ணாடியோடு, நாற்காலியில் சாய்ந்தபடியே படித்தேன்.

ஆனால் பாருங்கள், என்டர் தட்டி உள்ளே போனதும் மறுபடி எறும்பு. கர்னல் வரிகள் ஓடுகின்றன, நடுவில் வட்டுப் பூட்டுக்குக் கடவுச்சொல் கேட்கிறது, அந்தக் கேள்வியே பொடி எழுத்தில். இதுவும் கிரப் வேலையா?

#26 ஆலமரம்

இல்லை. கிரப் அதோடு கையைக் கழுவிக்கொண்டது. அங்கிருந்து கர்னலின் ராஜ்யம், அதற்குத் தனி ஃபான்ட்.

லினக்ஸ் 5.0இல் டெர்மினஸ் 16 × 32 என்ற பெரிய எழுத்தைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்தார்கள், உங்களைப் போன்ற திரைகளுக்காகத்தான். கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ் வரியில் எஃப்பிகான்=ஃபான்ட்:டெர்16x32 என்று சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கட்டும்போது அந்த ஃபான்டைச் சேர்த்த கர்னலாக இருந்தால் உடனே பலன் தெரியும். தட்டும்போது கவனம்: டிஇஆர் மூன்றும் பெரிய எழுத்து, நடுவில் வரும் எக்ஸ் சின்ன எழுத்து.

பூட் முடிந்து வரும் எழுத்துத் திரைக்கு: சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்அப். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போய், ஃபான்ட் கேட்கும்போது டெர்மினஸ், அளவு கேட்கும்போது 16x32. ஆர்ச்காரர்கள் விகான்சோல்.கான்ஃப் கோப்பில் டெர்-132பி என்று போட்டுக்கொள்வார்கள், டெர்மினஸ் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும்.

கடவுச்சொல் கேட்பது அழகான படத்தோடு வந்தால் அது பிளைமவுத். அதற்கும் இந்தக் கர்னல் ஃபான்டுக்கும் சம்பந்தமில்லை. பிளைமவுத்டி.கான்ஃப் கோப்பில் டிவைஸ்ஸ்கேல்=2 என்று போட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட வேண்டும்.

சுவிட்சைப் போட்டதிலிருந்து டெஸ்க்டாப் வரைக்கும் திரை நாலு கை மாறுகிறது. ஃபர்ம்வேர், கிரப், கர்னல், பிளைமவுத். ஒருவர் ஃபான்ட் அடுத்தவருக்குத் தெரியாது. அதனால் எழுத்து பொடியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டத்தில் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

#27 மின்மினி

அப்படியானால் என்னுடையது எந்தக் கட்டம்? எனக்கு /பூட் உட்பட எல்லாமே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. கிரப் மெனு வருவதற்கு முன்பே கடவுச்சொல் கேட்கிறது. மெனுவுக்கு 1024x768 போட்டேனே, அது இந்த இடத்தில் வேலை செய்யவில்லை.

#28 பூட்டுசாவி

உங்கள் நிலைமை வேடிக்கையானது. அது கிரப்தான். ஆனால் நீங்கள் போட்ட 1024x768 எங்கே எழுதியிருக்கிறது? /பூட்டுக்குள் இருக்கும் கிரப்.சிஎஃப்ஜியில். ஃபான்ட் எங்கே? அதுவும் /பூட்டுக்குள். கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் /பூட் திறக்கும். மூக்குக்கண்ணாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவித்துவாரத்தைத் தேடுகிற மாதிரி. அதுவரைக்கும் ஃபர்ம்வேரின் எழுத்துத் திரைதான். செக்யூர் பூட் அணைத்திருந்தால், ஃபான்டையும் அமைப்பையும் உள்ளடக்கிய கிரப் படிமத்தை நீங்களே கட்டலாம். ஆனில் இருந்தால் அதை ஒப்பமிட்டு உங்கள் சாவியை மோக் என்ற சொந்தச் சாவிப் பட்டியலில் பதிய வேண்டும். ஒரு கேள்விக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். அங்கே வருவது ஒரே கேள்வி, பதில் உங்களுக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறேன்.

#29 மின்மினி

சரிதான். நானும் அப்படியே தட்டிக்கொள்கிறேன்.

#30 சோடாபுட்டி

கர்னல் வரிகள் பெரிதாகிவிட்டன, முதல் தடவையே. பிளைமவுத் என் இயந்திரத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டேன், கடவுச்சொல் கேட்பதும் அதே பெரிய எழுத்தில் வந்துவிட்டது. அப்புறம் கிரப்_டிஃபால்ட்=சேவ்ட், கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ இரண்டும் போட்டு வைத்தேன். போன தடவை எதில் போனேனோ அதிலேயே மறுபடி போகும், அவசரத்தில் அம்புக்குறியைத் தேட வேண்டாம். தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிடுங்கள்.

#31 கருந்திரை

வாழ்த்துகள் சார். செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் இருபது பதிவு மிச்சமாகியிருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

#32 புதுமடிக்கணினி

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். மேலே சொன்னதெல்லாம் செய்து மெனு சரியாகிவிட்டது. ஆனால் எஃப்2 அழுத்தி ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குப் போனால் அங்கேயும் எழுத்து பொடிதான். அதை எந்தக் கோப்பில் மாற்றுவது?

#33 ஆலமரம்

அது நம் கைக்கு எட்டாத இடம். லேப்டாப் செய்தவர் ஃபர்ம்வேர் அப்டேட்டில் மாற்றினால் உண்டு.

#34 சோடாபுட்டி

அதற்குத்தான் என் பூதக்கண்ணாடியை இன்னும் மேசை டிராயரிலேயே வைத்திருக்கிறேன்.